கடல் ஊரில் இல்லாத நாட்கள்

மொத்தூராவை விட்டுக் கடல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பூசை முடிந்து, ஜனங்கள் வீடு திரும்பி, சீமைப்பலாவை அடுப்பில் சுடப் போட்டுவிட்டு, அது வேகட்டும் என்று வாசலில் உட்கார்ந்திருந்த நேரத்தில். காற்று இல்லை, மேகம் இல்லை, பூமி அதிரவும் இல்லை. பாத்திரம் கழுவக் கரைக்குப் போன பெண்கள் முதல்முறை குனிந்தபோது தண்ணீர் இருந்தது. கரியைத் தேய்த்துவிட்டு மறுபடி குனிந்தபோது இல்லை. நிமிர்ந்து பார்த்தார்கள். காயல் காலியாகக் கிடந்தது, காயலுக்கு அப்பால் பவளப்பார் கீழ்வரிசைப் பல் மாதிரி வெளியே தெரிந்தது, பாருக்கு அப்பாலும் ஈர மணலும் பாசியும்தான், அடிவானம் வரைக்கும் அப்படியே.

"பாதிப் பாத்திரம்தானே கழுவியிருக்கேன்" என்றாள் ஒருத்தி. அதைவிடப் பெரிதாக அன்று காலை அங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்தத் தீவில் சாமியாரைப் பாத்தெலே என்பார்கள். அப்போது பாத்தெலேயாக இருந்தவன் ததேயு. குமரிக் கடற்கரையில், குளச்சலுக்கு மேற்கே ஒரு மீன்பிடி ஊரில் பிறந்து, குருமடத்தில் படித்து, பட்டம் வாங்கி, உள்ளங்கையில் பூசிய தைலம் காய்வதற்குள் வேதபோதகத்துக்கு அனுப்பப்பட்டவன். சபைத் தலைவரிடம் அவன் கேட்டது மலைப்பிரதேசம். ஆப்பிரிக்காவோ அஸ்ஸாமோ, கடல் கண்ணில் படாத எந்த மலையாக இருந்தாலும் சரி என்றுதான் கேட்டான். "கடற்கரைப் பையன் நீ, மலையில் வாடிப்போவாய்" என்று பிரியமாகச் சொல்லி, அவர் உலகப் படத்தில் நீலத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத ஓர் இடத்தில் விரலை வைத்தார். கீழ்ப்படிவதாக வார்த்தைப்பாடு கொடுத்திருந்ததால் ததேயு வாயைத் திறக்கவில்லை. மகன் பட்டம் வாங்கிய நாளிலிருந்து அவனை 'வாங்க, போங்க' என்று பேச ஆரம்பித்திருந்த அம்மா, தீவின் பெயரைப் போனில் கேட்டுவிட்டு, "மொத்த ஊருக்கும் நீங்க ஒருத்தர்தானா?" என்றாள். மொத்து என்றால் அவர்கள் பேச்சில் தீவு என்று அவன் விளக்குவதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

வந்து பார்த்தால், மனம் திருப்ப ஓர் ஆள் இல்லை. கொள்ளுப்பாட்டன் காலத்திலேயே எல்லாரும் வேதத்தில் சேர்ந்து, இப்போது அவனைவிட நன்றாக ஜெபமாலை சொன்னார்கள். லத்தீன் பாட்டில் அவன் ஒரு சொல்லை விழுங்கினால் பின்வரிசையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஆகவே அவன் காலையில் மணி அடித்தான், பூசை வைத்தான், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தான், மருந்துப் பெட்டியைத் திறந்து சிரங்குக்குக் களிம்பும் காதுவலிக்குச் சொட்டுமருந்தும் கொடுத்தான், மதியம் ரேடியோவில் ஆயரகத்தைக் கூப்பிட்டு எல்லாம் நலம் என்றான், சாயங்காலம் கல்லறைத் தோட்டத்திலிருந்து பன்றிகளை விரட்டினான். கடலில் மட்டும் கால் வைத்ததில்லை. குளித்தது மழைத்தொட்டித் தண்ணீரில். கப்பலிலிருந்து இறங்கிய அன்று அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துதான் கரையில் இறக்கினார்கள். பாத்தெலேக்களை அப்படித் தூக்குவது அந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான், தண்ணீரில் இறங்காமல் நிற்பது அவன் நாட்டு வழக்கம் போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கடல் போனதை அவன் பள்ளிக்கூட ஜன்னல் வழியாகப் பார்த்தான். சாக்கட்டியைக் கீழே போட்டான். ஆகச் சிறிய பிள்ளைகள் இருவரை இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு, மற்றவர்களை முன்னால் விரட்டிக்கொண்டு ஓடினான், கோயிலுக்குள் புகுந்து நற்கருணைப் பாத்திரத்தை எடுத்து அங்கிக்குள் வைத்தான், மணிக்கயிற்றை அது அறுந்து கையோடு வரும்வரை இழுத்தான். "மலைக்கு ஓடுங்க! எல்லாரும் மலைக்கு ஓடுங்க!" என்று கத்தினான். மணி அடித்தவர் பாத்தெலே என்பதால் மொத்தூரா முழுதும் கோயிலுக்குப் பின்னால் இருந்த குன்றின்மேல் ஏறியது. பாய்களோடும், பாதி வெந்த சீமைப்பலாவோடும், கோழிகளோடும், ஊர்த் தலைவர் தோமாசியின் நாற்காலியோடும் ஏறி, காலியான கடலைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தது.

"எங்க ஊர்லயும் இப்படித்தான் போச்சு" என்றான் ததேயு. "நான் சின்னப் பையன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கடல் உள்ளே போச்சு, தரையில மீன் துள்ளுச்சு, ஜனங்க பொறுக்கப் போனாங்க. அப்புறம் பனை உயரத்துக்கு எழும்பி வந்துச்சு."

"எவ்வளவு நேரம் கழிச்சு?" என்று கேட்டார் தோமாசி. முழங்கால் வீங்கிய, பருத்த மனிதர்; எதையும் மெதுவாகத்தான் கேட்பார்.

"கொஞ்ச நேரத்துல. ஒரு கஞ்சி குடிக்கிற நேரம்."

அவர்கள் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். சீமைப்பலாவை அங்கேயே தீ மூட்டிச் சுட்டுத் தின்றார்கள். வெயில் உச்சிக்கு வந்தது, பிறகு சாய்ந்தது. கடல் வரவில்லை.

"உங்க ஊர்க் கடல் அவசரக்காரக் கடல் போலிருக்கு பாத்தெலே" என்றார் தோமாசி, எழுந்து இடுப்புத் துணியைத் தட்டிக்கொண்டே. "எங்களுது அப்படி இல்லை. பன்றிக்குத் தீனி வைக்கணும், நாங்க கீழே போறோம்."

ததேயு போகவில்லை. போகச் சொல்லி அவர்களும் வற்புறுத்தவில்லை. மறுநாள் தாழையோலை கொண்டுவந்து குன்றின் உச்சியில் அவனுக்கு ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள், அறுந்த மணிக்கயிற்றுக்குப் பதில் நீளமான கயிறு முடைந்து கோயில் மணியிலிருந்து குன்றின்மேல் வரைக்கும் கட்டினார்கள், அன்றிலிருந்து அவன் மேலேயிருந்தே மணி அடித்தான், மேலேயே பூசை வைத்தான். பிள்ளைகள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார்கள், சிரங்குக்காரர்கள் சொறிந்துகொண்டு ஏறி வந்தார்கள், பிரசங்கத்தின்போது ஜனங்கள் மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால் பிரசங்கம் சுருங்கியது, அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. "பாத்தெலே மேலே இருக்கிறதுல எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால்தான்" என்றார் தோமாசி. ரேடியோவில் அவன் ஆயரகத்தைக் கூப்பிட்டு, மொத்தூராவில் கடல் இல்லை என்று சொன்னபோது, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு களைத்த குரல், குறித்துக்கொண்டேன், வேறு ஏதாவது இல்லையா என்று கேட்டது. மெழுகுவர்த்தியும் இல்லை என்றான். மெழுகுவர்த்தி அடுத்த கப்பலில் வரும் என்றது குரல்.

கீழே ஊர் தன் வேலையைப் பார்த்தது. முதல் வழக்கு நிலத்தைப் பற்றி வந்தது. காயலோரத்துக் குடும்பங்கள் தங்கள் தங்கள் வேலியை நேராக நீட்டினால் கடல் இருந்த இடத்தில் யாருக்கு எவ்வளவு வரும் என்று கோடு கிழித்து, கோடுகள் ஒன்றையொன்று வெட்டி, இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. தோமாசி நாற்காலியைக் கரையில் போடச் சொல்லி உட்கார்ந்து நெடுநேரம் யோசித்து, கடல் வெளியூர் போயிருக்கிறது, செத்துப்போகவில்லை, ஊரில் இல்லாதவர் சொத்தில் கைவைப்பது நம் வழக்கம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். எல்லாரும் வேலிக் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு உறக்கத்தில் சிக்கல் வந்தது. அலைச் சத்தம் இல்லாமல் கைக்குழந்தைகள் மதியத்தில் கண்ணை மூட மறுத்தன. பெண்கள் முறை வைத்துக்கொண்டு, தட்டையான கூடையில் கூழாங்கல்லைக் கொட்டி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சரித்துச் சரித்து அலை மாதிரி சத்தம் எழுப்பினார்கள், சில பெரியவர்களும் அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டார்கள். நண்டுகள் கூட்டங்கூட்டமாகக் கோயிலுக்குள் ஏறி, பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, போகமாட்டோம் என்றன. சரக்குக் கப்பல், தண்ணீர் மிச்சம் இருந்த இடம் வரைக்கும் வந்து நங்கூரம் போட்டது. அங்கிருந்து மாலுமிகள் மாவு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு மணலில் நடந்து வந்து, இது தங்கள் வேலையில் சேராது என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். மெழுகுவர்த்தி வரவில்லை.

ஆனால் எல்லாவற்றையும்விட ஊரைப் படுத்தியது உறவுதான். மொத்தூராவுக்குக் கிழக்கே மொத்தூயித்தி என்று ஒரு குட்டித் தீவு உண்டு. ஓடம் இருந்தால், காற்று ஒத்துழைத்தால், மனசும் இருந்தால் போகலாம். மனசு இல்லாதவர்கள் இத்தனை காலமும் காற்றைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது நடந்தே போகலாம் என்று ஆகிவிட்டதால், சம்பந்தி வீட்டுக்கு வராதவர்கள் வந்தார்கள், வாங்கிய கோடரியைத் திருப்பித் தராதவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தோட்டத்துக்குள் ஒளிந்தார்கள், அக்கரையில் கல்யாணம் ஆன பெண்கள் சின்னக் கோபத்துக்கெல்லாம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்வீட்டுக்கு நடந்து வந்துவிட்டார்கள். ஓடங்களை என்ன செய்வது என்று தெரியாமல் சிலர் அதில் கோழி அடைத்தார்கள், சிலர் பிளந்து கூரைக்குப் போட்டார்கள்.

இதில் ஒருத்தி மட்டும் அக்கரைக்குப் போகவும் இல்லை, அக்கரையிலிருந்து அவள் வீட்டுக்கு யாரும் வரவும் இல்லை. அவள் சூலியானா. பாடற்குழுவுக்குத் தலைவி, பாத்தெலே வீட்டுக்குச் சமையல், எலும்பும் குரலும் பெரிதான ஐம்பது வயதுப் பெண். அவள் அண்ணன் பெத்தேலோ ஒரு காலத்தில் அந்தப் பாடற்குழுவின் அடிக்குரல். ஓர் ஈஸ்டர் அன்று, அல்லேலூயாவுக்கு நடுவில், கோயில் நிறைந்த ஜனத்துக்கு முன்னால் சூலியானா கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தி, "பெத்தேலோ, நீ சுதி தப்புறே" என்றாள். பெத்தேலோ பாட்டுப் புத்தகத்தை மூடினான், வெளியே போனான், பெண்டாட்டி லோசாவையும் இரண்டு பன்றியையும் ஓடத்தில் ஏற்றிக்கொண்டு மொத்தூயித்திக்குப் போனவன் திரும்பவே இல்லை. பெரிய திருநாளுக்குக்கூட வந்ததில்லை. முன்னாலிருந்த பாத்தெலேக்கள் மாதம் ஒருமுறை ஓடத்தில் அங்கே போய்ப் பூசை வைப்பார்கள். ததேயு வந்ததிலிருந்து போகவில்லை. காற்று என்று அவனும்தான் சொல்லியிருந்தான்.

லோசா ஒரு காலை வேளையில் மணலில் நடந்து வந்து, குன்றில் ஏறினாள். மெலிந்த, சின்னப் பெண். குடிசை வாசலில் சூலியானா சேம்பை மசித்துக்கொண்டிருந்தாள். லோசா அவளைப் பார்க்காத மாதிரி தாண்டி வந்து ததேயுவின் முன்னால் உட்கார்ந்தாள்.

"பாத்தெலே, அவர் போறார். வயிறு வீங்கிக் கெட்டியாப் போச்சு. கண்ணை மூடுறதுக்குள்ள அவஸ்தைப்பூசுதல் வேணும்கிறார்."

ததேயு கிழக்கே பார்த்தான். மொத்தூயித்தி வெயிலில் ஒரு தொப்பி மாதிரி தெரிந்தது. அதற்கும் இதற்கும் நடுவே அந்த ஈரத் தரை.

"இங்கே தூக்கிட்டு வர முடியாதா?" என்றான்.

"அசைச்சா அலறுறார்."

மசிப்பது நின்றது. சூலியானா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தைலப் புட்டி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எடுத்தாள், கழுத்துப்பட்டையை மடித்து அதன்மேல் வைத்தாள், அவன் செருப்பை எடுத்து அவன் காலுக்கு முன்னால் திருப்பிப் போட்டாள்.

"நானும் வர்றேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். "பாத்தெலேக்கு மதியச் சாப்பாடு யார் கொடுப்பா?"

செருப்பை அவன் வெகுநேரம் பார்த்தான். அங்கே ஒருவன் தன் பாவங்களைச் சொல்ல ஆளில்லாமல், பாவசங்கீர்த்தனம் இல்லாமல் செத்துக்கொண்டிருக்கிறான், அவன் இத்தனை நாள் அப்படிக் கிடந்ததற்குக் காற்று காரணம் இல்லை, இது ததேயுவுக்குத் தெரியும். காலை நுழைத்தான். குன்றிலிருந்து இறங்கும்போது அவன் தொடை ஆடியதை ஊர் பார்த்தது. மேலேயே இருந்ததால் இறங்குகிற பழக்கம் விட்டுப்போயிற்று என்று பேசிக்கொண்டது.

தரை குளிர்ச்சியாக இருந்தது. கடற்புல் எல்லாம் சீவிவிட்ட தலைமுடி மாதிரி ஒரே பக்கமாகப் படுத்திருந்தது, கடல் போன பக்கமாக. பள்ளங்களில் தேங்கிய தண்ணீரில் சின்ன மீன்கள், பஸ் வராத நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி அசையாமல் நின்றன. யாரோ தாத்தா தொலைத்த நங்கூரம் ஒன்று துருவேறிக் கிடந்தது. லோசா முன்னால் வேகமாக நடந்தாள். ததேயு கழுத்தைத் திருப்பி, கடல் போன திசையையே பார்த்துக்கொண்டு நடந்ததால் இரண்டு முறை தடுக்கி விழுந்தான். தைலப் புட்டியை மட்டும் விழவிடவில்லை.

"அந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றாள் சூலியானா, அவனுக்கு அந்தப் பக்கமாக மாறி நின்று. "நீங்க காலைப் பார்த்து நடங்க."

அவன் காலைப் பார்த்து நடந்தான். அவள் பெரிய உடம்பு கடல் இருந்த திசையை மறைத்துக்கொண்டு வந்தது. கொஞ்சதூரம் போன பிறகு, அவள் கேட்காமலே, அவன் பேச ஆரம்பித்தான்.

"எனக்கு ஒரு அக்கா. டெல்பின்னு பேரு. அன்னைக்கு நாங்க கோயில் மொட்டைமாடியில இருந்தோம், ஞானோபதேச வகுப்பு. மீன் கெடக்குன்னு கீழே கத்தினாங்க. அக்கா இறங்கி ஓடினா. எனக்குச் செருப்பு வார் அறுந்திருந்தது, அதனால என்னை அங்கேயே இருன்னா. நான் மேலேயிருந்து பார்த்துட்டே இருந்தேன்."

"நிறையப் பொறுக்கினாளா?"

"பாவாடை நிறைய. மேலே பார்த்துத் தூக்கிக் காமிச்சா."

"கெட்டிக்காரி" என்றாள் சூலியானா.

இருபது வருஷத்துக்கு மேலாக அந்த நாளைப் பற்றி அவனிடம் பேசிய எவரும் அக்காவைக் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை. ஐயோ என்றுதான் சொல்வார்கள். அவன் விழாமல் நடந்தான், உச்சிவெயிலுக்கு முன்னால் அவர்கள் மொத்தூயித்தியின் கரையில் ஏறினார்கள்.

பெத்தேலோ தாழம்பாயில் கிடந்தான். உயரமான ஆள், வயிற்றைத் தவிர மற்றதெல்லாம் வற்றியிருந்தது. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு ததேயு அவன் வாயருகே காதை வைத்துக் கேட்டான். நெடுநேரம் ஆயிற்று. கேட்டதை நாம் கேட்கக்கூடாது. நெற்றியிலும் கைகளிலும் தைலம் பூசிவிட்டு வெளியே வந்தபோது, சூலியானா வாசலில் நின்றுகொண்டு கூரையில் எத்தனை ஓலை மாற்ற வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளே போங்க" என்றான்.

அவள் போய்க் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"நடந்தா வந்தே?" என்றான் பெத்தேலோ.

"நடந்துதான்."

"கடல் இருந்திருந்தா வந்திருக்க மாட்டே."

"மாட்டேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். உறங்கிவிட்டான் என்றுதான் லோசா நினைத்தாள். அவன் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, அந்த ஈஸ்டர் அல்லேலூயாவை, நிறுத்திய இடத்திலிருந்து, அடிக்குரலில் பாடினான். வாசலில் நின்ற ததேயுவுக்குச் சங்கீதம் அவ்வளவாகத் தெரியாது, அவனுக்கே பிசகு தெரிந்தது.

"இப்ப சொல்லு" என்றான் பெத்தேலோ. "தப்புறேனா?"

சூலியானாவின் கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. அவள் துடைக்கவில்லை. "தப்புறே" என்றாள். "அன்னைக்குத் தப்பின மாதிரியே தப்புறே."

பெத்தேலோ சிரித்தான். வயிறு வலித்தது, ஆனாலும் சிரித்தான். "நீ எப்பவும் சீக்கிரம் ஆரம்பிப்பே. அதை யாரும் சொல்றதில்லை" என்றான். தங்கை அவன் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை, வீடுகளில் அடுப்புப் புகைய ஆரம்பித்தபோது அவன் இறந்தான்.

அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டிருந்தது, அது மொத்தூராவில் இருந்தது. ஆகவே பலகை அறுத்துப் பெட்டி செய்து, அவனை அதில் வைத்து, தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். சாவுக்குப் போகாமல் வீட்டில் இருப்பது மரியாதை இல்லை என்பதால் மொத்தூயித்தி முழுதும் கூடவே கிளம்பியது, கைக்குழந்தையோடும் கோழியோடும் ஊன்றுகோலோடும். சேதி முன்னாலேயே போயிருந்ததால் மொத்தூரா முழுதும் எதிர்கொள்ள வந்தது. இரண்டு ஊரும் நடுவழியில், கடல் இருந்தால் ஓடத்தின் அடி தட்டாத ஆழத்தில், சந்தித்துக்கொண்டன. அக்கரைப் பாடற்குழு பெத்தேலோ பழக்கியது, இக்கரைப் பாடற்குழு சூலியானா பழக்கியது. இரண்டும் ஒரே பாட்டை ஆளுக்கொரு சுதியில் எடுத்தன. சூலியானா கையைத் தூக்கவில்லை.

ததேயு எல்லாருக்கும் முன்னால் சிலுவையோடு நடந்தான், பாத்தெலேயின் இடம் அதுதான். தோள் மாற்றுவதற்காகப் பெட்டியை இறக்கிய இடத்தில் பாட்டு நின்றது. அப்போது அவனுக்கு ஒரு சத்தம் கேட்டது. துணியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி மெல்லிய சத்தம்.

திரும்பினான். ஊர்வலத்தின் கடைசியில் ஊன்றுகோலோடு வந்துகொண்டிருந்த கிழவிக்குப் பின்னால், ஒரு தெரு அகலம் தள்ளி, கடல் நின்றுகொண்டிருந்தது. உயரமே இல்லை. விரல்தடிமன் தண்ணீர், கண்ணுக்கு எட்டிய மட்டும் விளிம்பு ஒரே கோடாக. பெட்டி இறக்கியிருந்ததால் அதுவும் நின்றிருந்தது.

ததேயுவின் வாய்க்குள் 'ஓடுங்க' என்ற சொல் வந்துவிட்டது. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. பெட்டி தோளுக்கு ஏறியது, பாட்டு எழுந்தது, ஊர்வலம் நகர்ந்தது, கடலும் நகர்ந்தது. பின்வரிசையில் பார்த்தவர்கள் பார்த்தார்கள். "வந்துட்டுது" என்றார் தோமாசி, நாற்காலியில் வைத்துத் தூக்கப்பட்டுக்கொண்டே. "சாவுக்குக் கடைசியில வந்து சேர்ந்துக்குது. இருக்கட்டும்." யாரும் வேகத்தைக் கூட்டவில்லை. கூட்டினால் பெட்டிக்குள் பெத்தேலோ ஆடுவான்.

ததேயுவுக்கு முன்னால் குன்று தெரிந்தது. ஓடினால் போய்விடலாம். பெட்டியோ பிள்ளையோ கோழியோ சுமக்காதவன் அவன் ஒருவன்தான், கால் நன்றாக இருப்பவன், முன்னால் இருப்பவன். அவன் சிலுவையை லோசாவின் கையில் கொடுத்தான். திரும்பி நடந்தான். பெட்டியைத் தாண்டி, பாடுகிறவர்களைத் தாண்டி, கோழி வைத்திருந்தவர்களைத் தாண்டி, பிள்ளைகளை முன்னால் போங்கள் என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டு, ஊன்றுகோல் கிழவியையும் தாண்டி, எல்லாருக்கும் கடைசியில், அவர்களுக்கும் கடலுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான். அங்கிருந்து ஊர்வலத்தின் வேகத்தில் நடந்தான். நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை, நினைவிலிருந்து பாடினான்.

தண்ணீர் குதிகாலைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. கரண்டையை நனைத்தது, அதற்குமேல் ஏறவில்லை. கிழவி நின்று மூச்சு வாங்கியபோது அவன் நின்றான், அதுவும் நின்றது. அவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது, அதுதான் காரணம். எல்லாரும் மொத்தூராவின் கரையில் ஏறி, கிழவியின் ஊன்றுகோலும் ஏறி, கடைசியாக அவன் தன் பின்காலை எடுத்து மணல்மேட்டில் வைத்த பிறகு, கடல் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு காயலை நிரப்பி, பாரை மூடி, பழைய இடத்தில் உட்கார்ந்தது. கோயில் பெஞ்சுக்கு அடியிலிருந்து நண்டுகள் கிளம்பி, ஊர்வலத்துக்கு எதிராக, ஓரமாக இறங்கிப் போயின.

பெத்தேலோவை அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அங்கே ஒரு சாவு விருந்தோடுதான் முடியும்; விருந்தில் இறந்தவனுக்குத் தனியாக ஒரு பாய் விரித்து, அவனுக்குப் பிடித்ததை அதில் வைத்து, அதையே எல்லாரும் ஒரு வாய் தின்பார்கள். மொத்தூயித்திக்காரர்கள் திரும்பிப் போக ஓடங்கள் இல்லை, பாதி கூரையாகிவிட்டிருந்தது, ஆகவே எல்லாரும் அங்கேயே தங்குவதாயிற்று, வீட்டுக்கு வீடு அதற்கான முணுமுணுப்பும் தொடங்கியிருந்தது. சூலியானா பாய் விரித்துக்கொண்டே ததேயுவைப் பார்த்தாள். அவன் ஈரக் காலோடு ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

"முன்னாடி நடக்க வேண்டியவர் ஏன் பின்னாடி போனீங்க?"

"தெரியலை" என்றான்.

"உங்க அக்காவுக்கு விருந்து வெச்சாச்சா?"

"இல்லை." அவன் பாதத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உடம்பு கிடைக்கலை. அம்மா அவ திரும்பி வருவாங்கிறா. செத்தவங்க பூசைக்குப் பேரு கொடுக்க விடமாட்டா. நானும் பலிபீடத்துல நின்னு அவ பேரைச் சொன்னதில்லை."

சூலியானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? இத்தனை நாளாவா ஒரு பொண்ணைப் பட்டினி போடுவாங்க?" என்று இரைந்துகொண்டே போய் இன்னொரு பாய் கொண்டுவந்து, பெத்தேலோவின் பாய்க்குப் பக்கத்தில் உதறி விரித்தாள். "பேரு டெல்பின்!" என்று ஊருக்குச் சொன்னாள், பாடற்குழுவுக்குச் சொல்கிற குரலில். "பாத்தெலேயோட அக்கா. கடல்ல போனவ." இரண்டு ஊரும் தலையசைத்துவிட்டு, அந்தப் பாயைச் சுற்றியும் நகர்ந்து உட்கார்ந்தன.

"அவளுக்கு என்ன பிடிக்கும்?"

ததேயு யோசித்தான். இத்தனை வருஷமும் அக்கா என்றால் ஈர மணலும், தூக்கிக் காட்டிய பாவாடையும்தான். அதற்கு முன்னால் அவள் சாப்பிட்டிருக்கிறாள், உறங்கியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. வெகுநேரம் கழித்து அவன் முகம் மாறியது.

"கட்டன்சாயாவில பிஸ்கெட்" என்றான். "முக்கி எடுக்க மாட்டா. கையிலேயே பிடிச்சுட்டு இருப்பா, அது ஊறி உடைஞ்சு கிளாசுக்குள்ள விழணும். விழுந்தப்புறம் விரலை விட்டுத் துழாவி எடுத்துத் தின்பா. அம்மா அதுக்கு அடிப்பா."

கப்பலில் வந்த கெட்டி பிஸ்கெட் டின் திறக்கப்பட்டது. பெரிய அண்டாவில் பால் இல்லாத தேநீர் கொதித்தது. முதல் குவளையைப் பாயில் வைத்தார்கள், மற்றதை ஆளுக்கு ஆள் கொடுத்தார்கள். தோமாசியும் லோசாவும் ஊன்றுகோல் கிழவியும் பிள்ளைகளும், இரண்டு தீவும், பிஸ்கெட்டின் ஒரு முனையைத் தேநீருக்குள் பிடித்துக்கொண்டு, அது உடைந்து விழுவதற்காக, ஜெபத்தில் இருப்பவர்கள் மாதிரி கண்ணை எடுக்காமல் காத்திருந்தார்கள். தோமாசியுடையது முதலில் விழுந்தது. "விழுந்துட்டுது" என்று மெதுவாக அறிவித்தார்.

பிறகு ததேயுவினுடையது விழுந்தது. அவன் விரலை உள்ளே விட்டான். தேநீர் சுட்டது. அவன் விரலை எடுக்காமல் துழாவினான்.